அவருக்கு வந்தால் அக்கி

மன்னிப்பதுதான் பெரிய மனசு என்று யாராவது என்னிடம் ஆரம்பித்தால் எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வரும். நீ மன்னித்துக்கொள் தாயே, உனக்குப் பெரிய மனசு. எனக்கு இருப்பது சின்ன மனசு. அதில் கொஞ்ச காலம் இரண்டே இரண்டு பேர் மேல் இருந்த ஆத்திரத்துக்குத்தான் இடம் இருந்தது. ஒன்று என் வீட்டுக்காரர். இன்னொன்று அவரைப் பெற்ற மகராசி, என் மாமியார். இவர்களை நான் என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ். அப்பா சுரங்கம் மூடுகிறவரை ஷாஃப்டில் இறங்கியவர். இப்போது வாசலில் உட்கார்ந்து இருமுகிறார். என்னைக் கட்டிக்கொடுத்தது மாரிகுப்பத்தில், ரயிலில் அடுத்த ஸ்டேஷன். விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரு போய், கண்ணாடி லென்ஸ் செய்கிற கம்பெனியில் பேக்கிங் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்புகிறவள் நான். என் வீட்டுக்காரருக்குப் பங்காருபேட்டையில் ஒரு கோடவுனில் சூப்பர்வைசர் வேலை. எங்களுக்கு ஒரே பெண், அப்போது யூகேஜி படித்துக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குப் போகிற நேரத்தில் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்புவது மாமியார்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அது ரயிலில்தான் ஆரம்பித்தது. ஒருநாள் திரும்பி வரும்போது எலும்பெல்லாம் வலித்தது, காய்ச்சல் அனலாகக் கொதித்தது. தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் நெறி கட்டி, காலை அகட்டி வைத்தால்தான் நடக்க முடிந்தது. மறுநாள் பாத்ரூம் போனால் மிளகாய்ப்பொடியைத் தூவின மாதிரி எரிச்சல். கதவைச் சாத்திக்கொண்டு கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சொல்லக்கூடாத இடத்தில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், கொத்தாக. சிலது உடைந்து புண்ணாகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது வலியினால் மட்டும்தான், வெட்கத்தினால் இல்லை. வெட்கப்படுகிற மாதிரி நான் எதுவும் செய்திருக்கவில்லையே.

பக்கத்து மருந்துக்கடையில் எரிச்சல் என்று மட்டும் சொன்னேன். "சூடுக்கா, மோர் நெறைய குடிங்க" என்று ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். அதைப் போட்டதும் இன்னும் எரிந்தது. வீட்டில் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் நான் தவிப்பதைப் பார்த்து மாமியார் பின்னாலேயே வந்தார். "இன்னாடி ஆச்சு? காட்டு, பொம்பளைக்குப் பொம்பள இன்னா வெக்கம்" என்று விடாமல் பிடுங்கினார். காட்டினேன். பெற்றவளிடம் காட்டுகிற மாதிரி நம்பிக் காட்டினேன்.

அவர் பார்த்தது ஒரே ஒரு நொடிதான். நெருப்பைத் தொட்ட மாதிரி பின்னால் போனார்.

"அடிப்பாவி! இது பொம்பள சீக்குடி!"

பொம்பள சீக்கு. எங்கள் பக்கத்தில் அதற்கு அதுதான் பெயர். ஆண்கள் கண்ட இடத்துக்குப் போய் வாங்கிவந்தாலும் அதற்குப் பெயர் பொம்பள சீக்கு. ஒரு பொம்பளைக்கே வந்தால் அப்போது அது ஆம்பள சீக்கு ஆகுமா என்றால், ஆகாது. அப்போதும் அது அவள் கொண்டுவந்ததுதான். இந்தப் பெயரை வைத்த புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

அன்று சாயங்காலத்துக்குள் வீட்டில் எனக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. என் தட்டும் டம்ளரும் பின்கதவுக்கு வெளியே போயின. சோப்பு தனி, துண்டு தனி, துவைத்த துணி காயக் கொடி தனி. எனக்குப் பாய் சமையல் கட்டில். பாப்பா பாட்டியோடு. இவ்வளவையும் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மொபைலை நோண்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

"டெய்லி பெங்களூர் போறா, வரா. எவன்கூட போறா, எவன்கூட வரான்னு நாம இன்னா கூடவா போயி பாக்கறோம்" என்று மாமியார் குழாயடியில் சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னது. அதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். மறுநாள் பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் இரண்டடி தள்ளி நின்று, "அம்மா, ஒன்னத் தொட்டா எனக்கும் புண்ணு ஒட்டிக்குமாம்மா?" என்று கேட்டாள். பயத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிஷம் நான் முடிவு செய்தேன். இந்த வீட்டில் இதற்குப் பதில் சொல்லாமல் நான் சாக மாட்டேன்.

கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு தோல் டாக்டர் இருந்தார், நடுத்தர வயது அம்மா. கன்னடத்தில் ஆரம்பித்து, நான் கேஜிஎஃப் என்றதும் தமிழுக்கு மாறினார். பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. "சரியான நேரத்துக்கு வந்தே. புண்ணு காஞ்சி போன பின்னே வந்தா டெஸ்டுல ஒண்ணும் தெரியாது" என்றார். பஞ்சு சுற்றின குச்சியால் புண்ணின் அடியைத் துடைத்தெடுத்தார். வலியில் நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ரத்தமும் எடுக்கச் சொன்னார். கூடவே எச்ஐவி, மேகநோய்க்கும் பார்த்துவிடலாம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒண்ணு வந்தா மத்ததும் பாக்கறது வழக்கம், பயப்படாதே" என்றார்.

ரிசல்ட் வந்த அன்று என்னை உட்காரவைத்துப் பேசினார். இதற்குப் பெயர் பிறப்புறுப்பு ஹெர்பிஸ். ஒரு வைரஸ். இரண்டு வகை உண்டு. உதட்டோரம் கொப்புளம் வருகிற வகைகூட வாய் வழியாகக் கீழே வரலாம். தோலோடு தோல் படுகிற உறவில்தான் பரவும். தட்டு, டம்ளர், சோப்பு, துண்டு, கக்கூஸ் எதிலும் பரவாது. ஒருமுறை உள்ளே வந்தால் நரம்பின் வேரில் போய்ப் படுத்துக்கொள்ளும், போகவே போகாது. உடம்பு அசந்தால் மறுபடி எழுந்து வரும். ஆனால் முதல்முறை போல இவ்வளவு கொடுமையாக இருக்காது, போகப்போகக் குறையும். மாத்திரை இருக்கிறது. வருவதற்கு முன்னால் அந்த இடம் குறுகுறு என்னும், அப்போதிலிருந்து புண் முழுசாக ஆறுகிறவரை சேரக்கூடாது. புண் இல்லாதபோதும் பரவலாம், அதனால் மற்ற நாளிலும் ஆணுறை போட்டுக்கொள்வது நல்லது, அதுவும் முழுக் காவல் இல்லை. மறுபடி கர்ப்பமானால் பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நான் கேட்டது ஒன்றுதான். "எனக்கு இது யாரால வந்ததுன்னு ரத்தம் சொல்லுமா மேடம்?"

"ரத்தம் பேரு சொல்லாதும்மா" என்றார். "ஆனா ஒண்ணு சொல்லும். உன் புண்ணுல வைரஸ் இருக்கு. உன் ரத்தத்துல அதை எதிர்க்கிற சத்து இன்னும் வரல. அது வர வாரக்கணக்கா ஆகும், மாசக்கணக்கா கூட ஆகும். அப்டின்னா இது உனக்குப் புதுசு. உன் வீட்டுக்காரருக்கு அந்தச் சத்து இப்பவே இருந்தா, அவருக்கு இது பழசு. அவருக்கு இதுமாரி எப்பவாச்சும் வந்திருக்கா?"

"இல்ல மேடம். அவருக்கு அக்கிதான் வரும்."

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். "அக்கியா? எங்கே?"

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அக்கி வந்தால் டாக்டரிடம் போகிற பழக்கம் கிடையாது. ஆண்டர்சன்பேட்டையில் பானை செய்கிற குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். காவிக்கல்லை உரசிக் குழைத்து, கொப்புளம் இருக்கிற இடத்தில் சிங்கம் போல ஒன்றை எழுதி, சுற்றிக் கோடு போட்டு அனுப்புவார். அந்தக் காவி காய்ந்து தானாக உதிரும்வரை வீட்டில் கவுச்சி கிடையாது, தாளிப்பு கிடையாது, புருசன் பெண்டாட்டி ஒரே இடத்தில் படுக்கக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு அக்கி எழுதும்போதெல்லாம் மாமியார் என்னையும் பாப்பாவையும் சாம்பியன் ரீப்ஸுக்கு, அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவார். "காவி உதுந்துச்சு, வா" என்று போன் வந்த பிறகுதான் திரும்புவேன். இந்தத் தடவை பாப்பாவுக்குப் பரீட்சை, கம்பெனியில் ஆர்டர் அவசரம், நான் போகவில்லை. காவி பாதி உதிர்ந்தும் உதிராமலும் இருந்தபோது ஒருநாள் அவர் என் பக்கம் வந்தார். பெட்ஷீட்டில் ஒட்டியிருந்த காவியை மறுநாள் நான்தான் தேய்த்துத் துவைத்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை, எனக்குக் காய்ச்சல்.

இதெல்லாம் டாக்டரிடம் சொன்னேன். எத்தனை தடவை வந்தது என்று கேட்டார். வருசத்துக்கு ஒருமுறை, சில வருசம் இரண்டுமுறை. எந்த இடம்? இடுப்புக்குக் கீழே, பின்பக்கம், எப்போதும் அதே இடம்.

"அக்கின்னு நீங்க சொல்றது சின்ன வயசுல வந்த அம்மை, உள்ளே இருந்து வயசானப்போ திரும்பி வர்றது. பட்டையா ஒரு பக்கமா வரும். பெரும்பாலும் ஆயுசுக்கு ஒருமுறை. வருசா வருசம் அதே இடத்துல, அதுவும் இடுப்புக்குக் கீழே வந்தா நான் சந்தேகப்படுவேன். ஆனா பாக்காம சொல்ல மாட்டேன். அவரை இட்டுக்கிட்டு வா. இன்னொண்ணு, அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருக்கலாம், அவருக்கே தெரியாம இருந்திருக்கலாம். நிறையப் பேருக்குத் தெரியறதே இல்லை. போனதும் சண்டை போடாதே."

நல்ல டாக்டர். அவர் சொன்னதில் கடைசி வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் கேட்டேன்.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், முதலில் நல்ல விதமாகத்தான். "ஒரே ஒரு ரத்த டெஸ்ட். வாங்க, போயிட்டு வந்துடலாம்." அவர் முகம் வெளிறிப்போனது. "எனக்கு இன்னா? நான் நல்லாத்தானே கீறேன். ஒனக்கு வந்ததுக்கு நான் ஏன் வரணும்?" என்றார். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆளுக்குத் தெரியும். என் தட்டு வெளியே போனபோது தெரியும். பாப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபோது தெரியும். தெரிந்துகொண்டே மொபைலை நோண்டியிருக்கிறார்.

அந்த வாரமே மாமியார் ஆளனுப்பி மீட்டிங் போட்டார். அவருடைய அண்ணன் வந்தார், சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், குடும்பத்தில் எது நடந்தாலும் அவர் பேச்சுதான். என் அப்பாவையும் வரச்சொன்னார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். மாமியார் சுற்றி வளைக்கவில்லை.

"இவளை இட்டுக்கினு போயிடுங்க. ஆனா கொழந்த இங்கதான் இருக்கும். சீக்கு புடிச்சவகிட்ட எங்க வூட்டுப் பொண்ண விட மாட்டோம்."

அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே, "பாப்பாவ… பாப்பாவ எதுக்கு…" என்றார், அதற்கு மேல் முடியவில்லை. சுரங்கத்துக்குள் எத்தனையோ பார்த்த மனிதர், மகளுக்காக நான்கு பேர் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.  மாமியாரின் அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல பெரியப்பா. அத்தைகிட்ட ரெண்டு கேள்வி மட்டும் கேட்டுக்கறேன்" என்றேன். குரலை அவ்வளவு பணிவாக வைத்துக்கொண்டேன். "அத்தை, உங்க புள்ளைக்கு இதுமாரி எப்பவாச்சும் வந்துகீதா?"

மாமியாருக்கு வந்ததே கோபம். "ச்சீ, வாய கழுவு! எம் புள்ளைக்கா? அவனுக்கு வர்றது அக்கிடி. அவனுக்குச் சூட்டு ஒடம்பு."

"வருசா வருசம் வருமா அத்தை?"

"தவறாம வரும். ஊருக்கே தெரியும்."

"ஒவ்வொரு வாட்டியும் வேற வேற எடத்துல வருமா?"

"அதே எடம்தான். இடுப்புக்குக் கீழ, பின்னால. அக்கி எழுதறவரே சொல்வாரு, எழுதற எனக்கே எடம் மனப்பாடம் ஆயிடுச்சும்மான்னு."

"சின்ன வயசுலேர்ந்தா?"

"இல்ல, கல்யாணத்துக்கு முன்னால பெங்களூர்ல ரூம் எடுத்துக்கினு பசங்களோட இருந்தான் பாரு, அங்க ஓட்டல் சாப்பாடு. அந்தச் சூட்டுலதான் ஆரம்பிச்சுது."

"கடைசியா எப்ப எழுதினாங்க?"

"ஏன், ஒனக்குத் தெரியாதா? இப்பதான், ஒனக்கு இது வர்றதுக்கு முன்னால! நான்தான இட்டுக்கினு போனேன்!"

பெருமையாகச் சொன்னார், பாவம். மகனுடைய உடம்புக்கு நற்சான்றிதழ் கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றையும் நான்கு பேர் முன்னால், தன் வாயாலேயே சொன்னார். நான் ஒன்றைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் பேசி முடிக்கிறவரை காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அதை நான் ஜாங்கிரி தின்கிற மாதிரி தின்றேன்.

பிறகு டாக்டர் சொன்னது அத்தனையும் சொன்னேன். எது அக்கி, எது அக்கி இல்லை. என் ரத்தம் என்ன சொல்கிறது. காவி உதிர்வதற்குள் யார் யாரிடம் வந்தது. பெரியவர் முன்னால் இதைப் பேச எனக்குக் கூச்சமாக இல்லையா என்று கேட்பீர்கள். என் பெண்ணைப் பிடுங்க வந்தவர்கள் முன்னால் எனக்கு என்ன கூச்சம்? கடைசியாகச் சொன்னேன்: "நான் பொய் சொல்றேன்னா, நாளைக்கே அவரு ரத்தம் குடுக்கட்டும். அதுல ஒண்ணும் இல்லன்னு வந்தா பாப்பாவ வுட்டுட்டு நான் போயிடறேன்."

பெரியவர் மருமகனைப் பார்த்தார். "இன்னாடா? போறியா?"

அவர் தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "போவ வேணாம் மாமா" என்றார். "அப்பவே பெங்களூர்ல ஒரு டாக்டரு சொன்னாரு. மாத்திர குடுத்தாரு. ஆறிப்போச்சு. அப்பறம் வந்தப்ப அம்மா அக்கின்னாங்க. நானும் அப்டியே வுட்டுட்டேன்."

"தெரிஞ்சுக்கினா அந்தப் பொண்ண பேச வுட்டுப் பாத்துக்கினு இருந்த?" என்று பெரியவர் எழுந்தே விட்டார். அடித்திருப்பார். என் அப்பாதான் கையைப் பிடித்தார்.

அங்கேயே நான் அப்பாவோடு போயிருக்கலாம். பாப்பாவையும் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். "வந்துடும்மா" என்று அப்பா கூப்பிடத்தான் செய்தார். நான் போகவில்லை. போய்விட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்களே! நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். எனக்கு என்ன சட்டம் போட்டார்களோ அதே சட்டத்தை என் வீட்டுக்காரருக்குப் போடச் சொன்னேன். தட்டு வெளியே. டம்ளர் வெளியே. சோப்பு, துண்டு, கொடி, பாய் எல்லாம் தனி. "ஒட்டிக்கும்னு நீங்கதான அத்தை சொன்னீங்க" என்றேன். பெரியவரும் அதுதான் நியாயம் என்றார்.

தட்டிலும் டம்ளரிலும் அது பரவாது என்று எனக்குத் தெரியும். டாக்டர் எனக்குச் சொன்னார். நான் யாருக்கும் சொல்லவில்லை. பாப்பாவை மட்டும் மடியில் உட்கார வைத்து, "தொட்டா ஒண்ணும் ஒட்டாது கண்ணு, அம்மாவையும் தொடலாம், அப்பாவையும் தொடலாம்" என்று சொல்லிவிட்டேன். குழந்தையைப் பயமுறுத்தி ஜெயிக்கிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. அவள் திரும்ப என்மேல் கால் போட்டுத் தூங்க ஆரம்பித்தாள். மற்றபடி, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிப் பின்கதவுக்கு வெளியே அவர் கவிழ்த்து வைக்கும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே அங்கே நின்று பார்ப்பேன். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டு மண் காற்றில் வந்து அந்தத் தட்டில் படியும், என் வீட்டுக்காரர் மறுபடி கழுவுவார். நல்லா கழுவட்டும் என்று இருந்தேன். மாதங்கள் போயின, எனக்கு அலுக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள், அவர் வெளியே போயிருந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் கையை நிறுத்திவிட்டார்.

"ஒங்க மாமனாருக்கும் வருசா வருசம் அக்கி எழுதுவாங்க."

மாமனார் நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். 

"எனக்கும் வந்துச்சு. கல்யாணம் ஆன புதுசுல. ஒனக்கு வந்த அதே எடத்துல, அதே மாரி காச்சல். அப்பறம் ரொம்ப வருசம் வந்து வந்து போச்சு. எனக்கு யாரும் எழுதல. எந்த எடத்தக் காட்டி எழுதச் சொல்றது?" கீரைத் தண்டைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். "அதில்ல இப்ப. பாப்பாவ ஒங்கிட்டேர்ந்து புடுங்கி எம் பக்கத்துலயே வெச்சுக்கினு படுத்தனே. என் துண்டுலயே தொடச்சு வுட்டனே. பாப்பாக்கு ஒட்டிக்கினு இருக்குமாடி?"

அதனால்தான் அன்று ஒரே நொடியில் சீக்கின் பெயரைச் சொன்னார். தன் உடம்பில் கண்டதைத்தான் என் உடம்பில் கண்டிருக்கிறார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பயம் தீர்ந்துவிடும். என் வாய்வரைக்கும் வந்தது. நான் அதை விழுங்கினேன். "எனக்கு இன்னா தெரியும் அத்தை? டாக்டரைத்தான் கேக்கணும்" என்றேன்.

டாக்டரிடம் நேரம் கிடைத்தது அடுத்த வாரம்தான். அதுவரை மாமியார் பாப்பாவின் பக்கத்தில் படுக்கவில்லை. ஊட்டவில்லை. குளிப்பாட்டும்போது தோலை இன்ச் இன்சாகப் பார்த்தார். பாப்பா ஓடிவந்து கட்டிக்கொண்டால் கையை மேலே தூக்கிக்கொண்டு மரம்போல நின்றார். நான் கல்நெஞ்சுக்காரிதான். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் மாமியாரைப் பார்த்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, அவர் கேட்ட கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொன்னார். "துண்டுல, படுக்கையில எல்லாம் பரவாதும்மா. உங்க பேத்திக்கு ஒண்ணும் ஆகல. தாராளமா கொஞ்சுங்க. உங்க மருமகளுக்கு இதெல்லாம் முதல் நாளே சொல்லிட்டேனே."

மாமியார் அங்கேயே உட்கார்ந்து அழுதார். திரும்பி வரும் ரயிலில் பங்காருபேட்டை தாண்டுகிறவரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு, "ஒனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

"அப்பறம் ஏன்டி சொல்லல?"

"பாப்பா என்னைத் தொடப் பயந்துச்சே அத்தை. அது எப்டி இருக்கும்னு ஒங்களுக்கும் தெரியணும்னுதான்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். தயாராகவும் இருந்தேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். "தெரியும்" என்றார். "எனக்கு ரெண்டாவது வாட்டி வந்தப்ப ஒம் புருசன் கைக்கொழந்த. எம் மாமியாரு புடுங்கிக்கினாங்க. பால் கட்டிக்கினு மாரு வீங்கிப்போச்சு, அப்பவும் குடுக்கல. ஒங்க மாமனாரு பாத்துக்கினுதான் ஒக்காந்திருந்தாரு, ஒரு வார்த்த பேசல."

"அப்ப எனக்கும் ஏன் அதையே பண்ணீங்க?"

"தெரியல. பாத்ததும் வாயில அதான் வந்துச்சு."

எனக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது. இத்தனை மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த கோபத்தில் பாதியை இந்தக் கிழவி இப்படி ஒரே பேச்சில் வாங்கிக்கொண்டு போய்விட்டாரே என்று இருந்தது. மாரிகுப்பத்தில் இறங்கினோம். நான் கை கொடுக்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. வீடுவரை நடந்து வந்தோம்.

வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு நப்பாசை. "இன்னாம்மா சொன்னாங்க டாக்டரு? தட்டு, பாய் எல்லாம் இன்னும் தனியாத்தான் வெக்கணுமாமா?"

 மாமியாரே சொல்லட்டும் என்று நான் விட்டுவிட்டேன். மாமியார் குழாயடியில் நிதானமாகக் காலைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். பிறகு மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆமாண்டா" என்றார். "எங்களுக்கெல்லாம் தேவ இல்லியாம். ஒனக்கு மட்டும் ரொம்ப நாளைக்கு வெக்கணும்னு சொல்லிட்டாங்க."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்ப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டார். நான் உலை வைக்கப் போனேன்.